மெலிந்த விண்டோஸ்: இலாபமா, நட்டமா?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கோ 4 ஜிபி நினைவகமும் டீ.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய கணனி வைத்திருக்கும் கடைக்காரர்கள், 'டைனி 11' போன்று வெளியார் குறைத்துத் தயாரித்த பதிப்புகளைப் போடலாமா என என்னிடம் கேட்கிறார்கள்.

நன்மை உண்டு. தேவையற்ற மென்பொருள்கள் நீக்கப்படுவதால் பழைய கணனியும் ஓரளவு வேகமாக இயங்கும். புதிய கணனிக்கான செலவு மிஞ்சும்.

ஆனால், எதை நீக்கினார்கள் என்பதைவிட எதைச் சேர்த்தார்கள் என்பதே முக்கியம். இணையத்தில் பரவிய சில விண்டோஸ் 10 பதிப்புகளில் திருட்டு நிரல் ஒளிந்திருந்ததை 2023இல் டொக்டர் வெப் நிறுவனம் கண்டுபிடித்தது. பணம் அனுப்புவதற்காகப் பிரதி செய்யப்படும் கிரிப்டோ முகவரியை மாற்றி, சுமார் 19,000 டொலரை அது கவர்ந்திருந்தது. மிகவும் குறைக்கப்பட்ட சில பதிப்புகளுக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்களும் கிடைக்காது.

எனவே, யாரோ தயாரித்த இறுவட்டை வாங்காதீர்கள். மைக்ரோசொப்டிடமிருந்தே மூலக் கோப்பைப் பெற்று, டைனி 11 தயாரித்தவர் வெளியிட்டுள்ள திறந்த நிரலால் நீங்களே குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் உரிமம் அவசியம். வங்கிக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் கணனியில் மட்டும் அதுவும் வேண்டாம். முறையான பதிப்பையே போடுங்கள்.