அடம் அல்ல, ஆட்டிசம்

வேலந்தாவளம் கடைவீதிக்கு ஒரு தாய் தன் மகனைக் கூட்டி வருகிறாள். லாரி ஹாரன் அடிக்கிறது. பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு கத்துகிறான். "புள்ளைய வளர்த்த லட்சணத்தப் பாரு" என்கிறார்கள் சிலர். தாய் தலை குனிகிறாள்.

அவள் மேல் குற்றம் உண்டா? இல்லை. பையனுக்கு இருப்பது ஆட்டிசம். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. தொற்றுநோய் அல்ல. சாபமும் அல்ல. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் இதை விரிவாக எழுதினார். தாயின் பாசக் குறைவே காரணம் என்று டாக்டர்கள் சிலரும் ஒரு காலத்தில் நம்பினார்கள். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

இந்தப் பிள்ளைகள் பலருக்குச் சத்தம் தாங்காது. அதை வாயால் சொல்லவும் சிலருக்கு வராது. அதனால் கத்துகிறார்கள். அடித்தால் பயம்தான் கூடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

வெளியே போகும் முன்பே சொல்லுங்கள். பஸ் படத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்.

கத்தும்போது சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

தாய் ஒருத்தியே சுமக்க முடியாது. அப்பாவும் பாட்டியும் முறை வைத்துக் கவனிக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் படிக்க உரிமை இருக்கிறது. சந்தேகம் வந்தால் சீக்கிரம் அரசு டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தத் தாயைக் கடைவீதியில் பார்த்தால், "என்ன உதவி வேணும், அக்கா?" என்று கேளுங்கள்.