ஆர்.சி. கார்: வெயிட்டைக் குறைக்கணுமா, நகர்த்தணுமா?

ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை பாக்குற ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார். ஆறு மாசம் காசு சேர்த்து 1/10 அளவு ஆர்.சி. பக்கி வாங்கியிருக்கார், டூ வீல் டிரைவ். லீவு நாள்ல காலி லேஅவுட்டுல, செம்மண்ணும் ஜல்லியும் கலந்த தரையில ஓட்டுறார். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சாலும் கார் திரும்பாம நேரா வழுக்கிட்டுப் போகுதாம். டைட்டானியம் ஸ்க்ரூ, கார்பன் பார்ட்ஸ் போட்டு வெயிட்டைக் குறைன்னு நண்பர்கள் சொல்றாங்க. செலவு கிட்டத்தட்ட கார் விலைக்கே வருது. வாங்கலாமான்னு கேக்குறார்.

வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

லேசான கார் நல்லதுதான், மறுக்கல. வெயிட் ரெண்டு மடங்கானா, அதே வேகத்துல திரும்ப ரெண்டு மடங்கு பிடிமானம் வேணும். டயர் அந்த அளவுக்குக் கூடுதலாப் பிடிக்காது. ஆனா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் மாதிரி வழவழன்னு இருக்குற தார் ரோட்டுக் கணக்கை மேடுபள்ளத்துக்கு அப்படியே கொண்டு வர முடியாது. பாடியை இளைச்சுட்டு, வீலும் ஸ்ப்ரிங்கும் பழசே இருந்தா, சின்னக் கல்லு தட்டினாலே கார் துள்ளும். துள்ளுற நேரத்துல டயர் தரையில இல்ல, அப்புறம் எங்க திரும்புறது? பெரிய போட்டிகள்ல 1/8 நைட்ரோ பக்கிக்குக் குறைஞ்சபட்ச எடையே 3,200 கிராம்.

இவர் பிரச்சினை மொத்த எடை இல்ல, அது உக்காந்திருக்குற இடம்னு நினைக்கிறேன். பைக்ல பின்னாடி கனமான ஆளை ஏத்திட்டு மேட்டுல ஏறினா ஹேண்டில் லேசாகும்ல, அதேதான்.

கிச்சன் தராசை எடுங்க. முன் சக்கரம் ரெண்டையும் அதுமேல வையுங்க, பின் சக்கரத்துக்கு அடியில தராசு உயரத்துக்குப் புத்தகம். அப்புறம் மாத்தி வையுங்க. முன்னாடி 560, பின்னாடி 1,040 கிராம்னு வந்தா, 65 சதவீதம் பின்னால இருக்கு. வீல்பேஸ் 28 செ.மீ., பேட்டரி 300 கிராம்னு வையுங்க. பேட்டரியை 2 செ.மீ. முன்னால தள்ளினா முன் சக்கரத்துக்கு 21 கிராம் கூடும். செலவு? கொஞ்சம் ஸ்பாஞ்ச்.

பேட்டரியைத் தள்ள இடமில்லையா? டயர் கடைக்குப் போங்க. வீல் பேலன்ஸுக்கு ஒட்டுற வெயிட் 5, 10 கிராம்ல கிடைக்கும். முன்பக்கம், சேஸிஸ் மேல தாழ்வா ஒட்டுங்க. உயரத்துல ஒட்டினா, வளைவுல சாயுற கன்டெய்னர் லாரி கதைதான்.

இதுக்கு ஒரு விலை உண்டு. முன்னால போற ஒவ்வொரு கிராமும் பின் டயர்லேர்ந்து போகுது, அதனால த்ராட்டில் கொடுத்ததும் பின்சக்கரம் சும்மா சுத்தும். இந்த இழுபறிக்காகவே டீம் அசோசியேட்டட் 2013-ல ஒரே காரை ரெண்டு விதமா விட்டாங்க. பி5-ல மோட்டார் பின் அச்சுக்குப் பின்னாடி, அது புழுதிக்கு. பி5எம்-ல அச்சுக்கு முன்னாடி, அது நல்லாப் பிடிக்கிற தரைக்கு. நம்ம லேஅவுட் மண்ணு புழுதிக் கணக்கு. அதனால அரை செ.மீ. அரை செ.மீ.யா நகர்த்துங்க.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், அதே வளைவு, அதே டயர், பேட்டரி ஃபுல் சார்ஜ். ஒவ்வொரு ரன்னையும் போன்ல குறிச்சுக்கோங்க. அப்பவும் திரும்பலைன்னா, முதல்ல முன் டயரை மாத்திப் பாருங்க. டைட்டானியம் அதுக்கு அப்புறம்.