ஓடர் எடுக்குமுன் ஒரு சீட்டு எழுதுவோம்

எமது சங்கங்களுக்கு அண்மைக்காலத்தில் ஒரு புதிய பழக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. முன்னர் விளைந்ததையும் செய்ததையும் சந்தைக்குக் கொண்டுபோய், அன்றைய விலைக்கு விற்றுவிட்டு வருவோம். இப்போது கொழும்புக் கடைக்காரரும், விடுதி நடத்துபவரும், விடுமுறையில் வரும் வெளிநாட்டு உறவினரும் கைத்தொலைபேசியில் அழைத்து, “எங்களுக்கு இத்தனை வேண்டும், இந்தத் திகதிக்கு வேண்டும்” என்கிறார்கள். இது நல்ல செய்தியே. பொருளைச் செய்யுமுன்னரே அதற்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். ஆயினும் சந்தையில் இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. சந்தையில் பொருள் கண்முன்னே கிடக்கும். ஓடரிலோ பொருள் இரண்டு பேருடைய மனதில் மாத்திரம் இருக்கிறது. இரண்டு மனதிலும் அது ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதை நாம் நட்டப்பட்டே அறிந்துகொண்டோம். மீள்குடியேறிய ஒரு கிராமத்தின் மாதர் சங்கத்துக்கு 300 பனையோலைப் பெட்டிகளுக்கான ஓடர் ஒன்று கிடைத்தது. “மூடியோடு சின்னப் பெட்டி” என்று வாடிக்கையாளர் சொன்னார். எமது பெண்களுக்குச் சின்னப் பெட்டி என்றால் ஆறு அங்குலப் பெட்டி. சாயமிட்ட ஓலையில் கோலம் வைத்து இழைப்பார்கள். இரவில் விளக்கு வைத்தும் இழைத்து, சொன்ன நாளில் லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். அவருக்கு வேண்டியிருந்ததோ கலியாண விருந்தில் கேக் துண்டு வைத்துக் கொடுக்க நான்கு அங்குலப் பெட்டி, அதுவும் சாயமில்லாத வெறும் ஓலையில். 90 பெட்டிகளை எடுத்துக்கொண்டு 210 ஐத் திருப்பி அனுப்பினார். திரும்பிய லொறியின் கூலியும் எமது தலையில் விழுந்தது. பெண்கள் அவரைத் திட்டினார்கள். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பை எடுத்து, “சரி, செய்து தருகிறோம்” என்று சொன்னவர்கள் நாமேதான். எத்தனை அங்குலம் என்று நாம் கேட்கவில்லை. எதற்குப் பாவிக்கப் போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் முதலாவதற்குரிய பதிலும் தானாக வந்திருக்கும்.

ஊரில் இருந்த காலத்தில் இப்படியெல்லாம் எழுதி வைத்தா வியாபாரம் செய்தோம் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன தகப்பனுக்கு எந்த வியாபாரி நாணயமானவர் என்று தெரியும். வியாபாரிக்கும் அந்தத் தோட்டம் எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று தெரியும். காசு தராமல் இழுத்தடித்தால் கோயில் வாசலில் வைத்துக் கேட்கலாம். நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே சொல்லே போதுமாயிருந்தது, ஏனெனில் சொல்லுக்குப் பின்னால் ஊர் நின்றது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டும், 2007 இல் முள்ளிக்குளத்தை விட்டும், 2009 வரை வன்னியில் ஊர் ஊராகவும் இடம்பெயர்ந்தவர்கள் காணியோடும் கிணற்றோடும் இந்த ஊர்ச்சாட்சியையும் இழந்தார்கள். புதிய இடத்தில் எம்மை அவருக்குத் தெரியாது, அவரை எமக்குத் தெரியாது. ஊர் செய்த வேலையை இப்போது ஒரு துண்டுக் கடதாசி செய்ய வேண்டியிருக்கிறது. எழுதிக் கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று கூச்சப்படத் தேவையில்லை.

எரேமியா ஆகமத்தின் 32 ஆம் அதிகாரத்தை ஒருமுறை விவசாயியின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். எருசலேமைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருக்கிறது. இறைவாக்கினர் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நாடே இடம்பெயரப் போகிற அந்த வேளையில் அவர் அனத்தோத்து ஊரிலுள்ள ஒரு காணியைத் தம் ஒன்றுவிட்ட சகோதரரிடமிருந்து வாங்குகிறார். விலை பதினேழு செக்கேல் வெள்ளி. சொந்தக்காரர்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டாரா? வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டு, சாட்சிகளையும் வைக்கிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். மக்கள் திரும்பி வந்து மறுபடி காணி வாங்குவார்கள் என்ற நம்பிக்கையை அவர் கணக்கு வழக்கோடுதான் வெளிப்படுத்தினார்.

எமது ஓடர்ச் சீட்டுக்கு மண்பாண்டம் வேண்டாம். காபன் தாள் வைத்த ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் போதும். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று எமக்கு. அதில் என்ன பொருள், எத்தனை, என்ன அளவு, என்ன நிறம், எந்தத் திகதி, எந்த இடத்தில் கையளிப்பது, லொறிக்கூலி யாருடையது, விலை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்பவை இருக்க வேண்டும். கைவேலைப் பொருளாயின் இரண்டு மாதிரிகள் செய்து, ஒன்றை அவருக்கு அனுப்பி மற்றதை அவர் பெயர் எழுதிய துண்டோடு சங்கத்தில் தொங்கவிடுங்கள். ஆயிரம் வார்த்தை எழுதினாலும் மாதிரிப் பெட்டி சொல்வதைச் சொல்லாது.

அளவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் எமது மக்கள் அதிகம் இழப்பது இங்கேதான். ‘மூடை’ என்று எழுதாதீர்கள், கிலோ என்று எழுதுங்கள். ஒருவருடைய மூடை மற்றவருடைய மூடை அல்ல. கழிவு பிடிப்பதானால் நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ என்பதை ஏற்றுமுன்னரே பேசிக்கொள்ளுங்கள். தராசடியில் பேசினால் அவர் சொல்வதுதான் கணக்கு. நெல்லுக்கு ஈரப்பதனையும் எழுத வேண்டும். நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 வீதம். 20 வீத ஈரப்பதனுள்ள 100 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோவே நிற்கும். அந்த ஏழு கிலோ எங்கே போனது என்று வீட்டில் சண்டை பிடித்தவர்களை எமக்குத் தெரியும். அது ஆவியாகிப் போனது. ஆகவே காய்ந்த நெல்லுக்கு ஒரு விலையும் ஈர நெல்லுக்கு ஒரு விலையும் பேசுவதுதான் முறை.

திகதி கொடுக்குமுன் விரல் விட்டு எண்ணுங்கள். பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு பெட்டி இழைத்தால் 300 பெட்டிகளுக்குப் பதின்மூன்று நாள் செல்லும். ஆனால் ஞாயிறு வரும், செத்த வீடு வரும், கச்சான் பிடுங்கும் நாள் வரும், யாராவது ஒருவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இருபது நாள் கேளுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தால், எத்தனை பெட்டிகள் முதலில் வேண்டும் என்று கேட்டு இரண்டு தவணையாகக் கொடுக்கலாம்.

முற்பணம் கேட்பது எமக்கு வெட்கமாயிருக்கிறது. கடைக்காரருக்கு அது வெட்கமில்லை. அவர் தாம் விற்கும் சாமானுக்கு அதைத்தான் செய்கிறார். ஓலை, சாயம், லேபல் ஆகியவற்றின் செலவுக்காவது முற்பணம் வராமல் வேலையைத் தொடங்க வேண்டாம் என்பது எமது கருத்து. இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இலங்கையின் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, பொருள் விற்பனை ஒப்பந்தமொன்றை வைத்து வழக்காடுவதற்கு மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்: வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியை ஏற்றுப் பெற்றிருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியைச் செலுத்தியிருக்க வேண்டும், அல்லது அவர் கையொப்பமிட்ட எழுத்து இருக்க வேண்டும். ஆகவே சிறிய முற்பணமும், அதற்கான சிட்டையும் வெறும் பேச்சை ஒப்பந்தமாக்கிவிடுகின்றன.

எல்லாம் வட்ஸ்அப்பில் நடக்கிறதே, கையொப்பத்துக்கு எங்கே போவது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இதற்காகவே வந்தது. ஒரு செய்தி இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மாத்திரம் அதன் சட்ட வலுவை மறுக்க முடியாது. ஆகவே அழைப்பில் பேசி முடிந்ததும், பேசியதை நாமே எழுதி அனுப்பி, “இது சரிதானே?” என்று கேட்டு, அவர் “சரி” என்று எழுதும்வரை ஓலையில் கைவைக்காதிருப்போம். அந்தச் செய்திகளை அழித்துவிடக் கூடாது. தொலைபேசி பழுதாகும், தொலையும். சீட்டுப் புத்தகத்திலும் ஒருவர் எழுதி வைக்கட்டும்.

கணினி படித்த எமது பிள்ளைகள் சிலர் இப்போது கலியாண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, மிளகாய்த்தூள் பைக்கட்டுக்கு லேபல், பேஸ்புக் பக்கம் என்று செய்து உழைக்கிறார்கள். இவர்களுக்கு வரும் தொல்லை வேறு. பெட்டியைப் பிரித்து இழைக்கச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். ஆனால் கணினியில் செய்ததைத் திருத்தச் செலவே இல்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு அழைப்பிதழைப் பதினொரு முறை திருத்திய பிள்ளையை அறிவோம். மணமகளின் தகப்பன் ஒன்று சொன்னார், கனடாவிலிருந்து மாமன் வேறொன்று சொன்னார், கடைசியில் மணமகள் முதலாவது மாதிரியே நல்லது என்றார். ஓடர் எடுக்கும்போதே, திருத்தம் சொல்லும் ஆள் யார் என்று ஒருவரைப் பெயர் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு திருத்தம் விலைக்குள் அடங்கும், மூன்றாவதற்குத் தனிக்காசு என்பதையும் சீட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அச்சுக்குப் போகுமுன் பெயர்களையும் திகதியையும் அவரே வாசித்து ஒப்பமிடட்டும். பிழையாகப் பெயர் அச்சான ஐந்நூறு அட்டைகளின் செலவை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தாங்க முடியாது.

இனி, சொன்ன திகதிக்கு முடியாமற் போனால் என்ன செய்வது? மழை பெய்யும், ஓலை கிடைக்காது. அப்போது எம்மவர் செய்வது, தொலைபேசியை நிறுத்திவிட்டு இருப்பது. இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: வாடிக்கையாளரை இழப்பது தாமதத்தால் அல்ல, இந்த மௌனத்தால்தான். நான்கு நாளுக்கு முன்னர் சொன்னால் அவர் வேறு வழி தேடலாம். அன்று காலையில் சொன்னால் அவருடைய வாடிக்கையாளரிடம் அவர் வெட்கப்பட வேண்டும். ஒரு சங்கத்தார் உழுந்து பிந்துகிறது என்று ஐந்து நாள் முன்னரே அறிவித்து, இருப்பதை மாத்திரம் அனுப்பினார்கள். அந்தக் கடை இன்றும் அவர்களிடமே வாங்குகிறது.

சில ஓடர்களை வேண்டாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும். பசியோடு இருப்பவர் எந்த விலைக்கும் சம்மதிப்பார். திருத்தந்தை 13 ஆம் சிங்கராயர் 1891 இல் தொழிலாளரின் கூலியைப் பற்றி எழுதியபோது, சம்மதம் மாத்திரம் ஓர் ஒப்பந்தத்தை நீதியாக்காது என்று போதித்தார். 1967 இல் திருத்தந்தை 6 ஆம் சின்னப்பர் அதையே வியாபாரத்துக்கும் விரித்துச் சொன்னார். ஒருவர் தனியே பேசினால் எழும் இந்தச் சமனின்மை சங்கமாகப் பேசும்போது குறைகிறது. ஆகவே விலை பேசுவது ஒருவரின் வேலையாக இருக்கக் கூடாது. “சங்கத்தைக் கேட்டுச் சொல்கிறோம்” என்று ஒரு நாள் தவணை கேளுங்கள்.

காசு வாங்கும்போது: வங்கியில் போட்டதாகச் சிட்டையின் படம் வந்தால் அது காசல்ல. கணக்கில் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே சாமானை ஏற்றுங்கள். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். முன்திகதியிட்ட காசோலையை அறிமுகமில்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

பிணக்கு வந்தால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், சீட்டைக் கொண்டுபோங்கள். பேசித் தீராவிட்டால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. சிறிய தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கேதான் போக வேண்டும். பெருஞ்செலவில்லை. எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். போகும்போது ஓடர்ச் சீட்டின் பிரதி, முற்பணச் சிட்டை, தொலைபேசிச் செய்திகள், மாதிரிப் பொருள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எமது 210 பெட்டிகளின் விடயத்தில் எடுத்துச் செல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவற்றை ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குக் கொண்டுபோய், பாதி விலைக்கு விற்றுத் தீர்த்தோம்.