சூரிய மின்சந்தை: அளவு பெரிது, வாசல் குறுகியது

2030ஆம் ஆண்டுக்குள் 500 கிகாவாட் புதைபடிவம் சாரா மின்திறனை எட்டுவதாக 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. 2024இல் தொடங்கப்பட்ட பிரதமர் சூரிய வீடு திட்டத்துக்கு மட்டும் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பொருத்துவது அதன் நோக்கம்.

சந்தையின் அளவு வேறு. அதனுள் நுழையும் வாய்ப்பு வேறு. கூரை மானியம் பெறத் தகடு தாங்கும் சொந்தக் கூரை வேண்டும். பி.எம். குசும் திட்டத்தில் மின்நிலையம் அமைக்க ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கைந்து ஏக்கர் நிலம் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. ஆனால், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் வசமுள்ள சாகுபடிப் பரப்போ 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலமில்லாதவரிடம் வங்கிக்குக் காட்டப் பிணையும் இருப்பதில்லை. இவ்வாறு பழைய நில ஏற்றத்தாழ்வு புதிய தொழிலிலும் தொடர்கிறது.

இதைத் தளர்த்தும் கருவிகள் இல்லாமலில்லை. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை. சூரிய மின் ஒப்பந்தங்களில் இவ்விலக்கு எந்த அளவுக்கு நிறைவேறுகிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், துறைவாரியாக, ஆண்டுவாரியாக மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் எழுப்ப வேண்டிய கேள்வி இது. விடை கைக்கு வந்தால்தான் பங்கு கோரும் போராட்டத்துக்கு அடித்தளம் அமையும்.