வெள்ளி இரவு எட்டு மணிக்குத் தலைப்பு வரும்

தாலி கட்டும் நேரத்தில் ரீடேக் கேட்க முடியாது. கெட்டிமேளம் யாருக்காகவும் நிற்காது. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். நேரம் குறித்து நடத்தும் குறும்படப் போட்டிகள் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் பொருந்தும் என்று நான் நம்புவது அதனால்தான். எனக்கு ஊர் புதுக்கோட்டை. மாவட்டத் தலைநகர் இல்லை; தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முன்னால் வருகிற புதுக்கோட்டை.

இந்தப் போட்டிகளில் பெயர்பெற்றது 2001-ல் வாஷிங்டனில் மார்க் ரூப்பர்ட், லிஸ் லாங்ஸ்டன் இருவரும் தொடங்கிய 48 மணி நேரப் போட்டி. வெள்ளிக்கிழமை மாலை குழுக்கள் கூடும். பேய்க்கதையா, நகைச்சுவையா என்பதைச் சீட்டு எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு எல்லாக் குழுவுக்கும் பொதுவாக ஒரு கதாபாத்திரம், ஒரு பொருள், ஒரு வரி வசனம் தருவார்கள். அவை மூன்றும் படத்தில் வந்தாக வேண்டும். ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தை யாரும் கொண்டுவந்து நீட்டிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஞாயிறு மாலைக்குள் 4 முதல் 7 நிமிடம் வரை ஓடுகிற ஒரு படம் கையில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 2011-ல் அகமதாபாத்தில் ரிதம் பட்நாகர் தொடங்கிய இந்தியா ஃபிலிம் ப்ராஜெக்டில் 50 மணி நேரம் கிடைக்கும். வெள்ளி இரவு 8 மணிக்குத் தலைப்பு, ஞாயிறு இரவு 10 மணிக்குக் கெடு. சொந்த ஊரிலேயே எடுத்து இணையத்தில் ஏற்றிவிடலாம். செல்போனில் எடுப்பவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. கோவா திரைப்பட விழாவிலும் 2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 75 இளைஞர்களைக் குழுக்களாகப் பிரித்து 53 மணி நேரப் போட்டி வைத்தார்கள்.

தமிழ் சினிமாவுக்கு இந்த வேகம் புதிதல்ல. 1999-ல் வந்த 'சுயம்வரம்' படத்தை 14 இயக்குநர்கள் சேர்ந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்து முடித்தார்கள். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் சில நிமிடக் குறும்படங்களோடு வந்தவர்கள்தான் நலன் குமரசாமி, கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன். அவர்களுக்கு ஓரளவு அவகாசம் இருந்தது. நான்கைந்து பேராக இரண்டே நாளில் இறங்குகிற நமக்கு அது கிடையாது.

கடிகாரம் ஓடத் தொடங்கும் முன் கதை எழுதக்கூடாது. ஆனால் ஆள் சேர்க்கலாம், கேமரா தயார் செய்யலாம், இடம் பார்த்து அனுமதி வாங்கி வைக்கலாம். என் அனுபவத்தில் பாதிப் படம் இங்கேயே முடிவாகிவிடுகிறது. தூத்துக்குடிக்காரர்கள் கூடி உட்கார்ந்தால் முதலில் வருகிற யோசனை முத்துக்குளிப்பு. தயவுசெய்து வேண்டாம். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. அதை மறுபடி உருவாக்க இரண்டு நாள் எந்த மூலைக்கு? துறைமுகத்துக்குள் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை காவல் இருக்கிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு நினைத்தபோது போய்விட முடியாது. விமான நிலையம் பக்கம் என்பதால் ட்ரோனுக்கும் அனுமதி தேவை. விசைப்படகுகள் விடியற்காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குத் திரும்பும்; மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் நல்ல விளக்கு வெளிச்சமும் கூட்டமும் சும்மாவே கிடைக்கும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அதை மறந்துவிட்டுக் கதை பண்ணக்கூடாது.

நான் விரும்புவது உப்பளம். விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும், வெயில் ஏறினால் ஆட்கள் கரையேறிவிடுவார்கள். ஆகவே படப்பிடிப்புக்குக் காலை மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. வெள்ளைத் தரை வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்கு ஏற்றிக் கொடுக்கும். தனியாக ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆள் வேண்டாம். ஆனால் கேமராவை ஆட்டோவில் விட்டால், வெள்ளையைப் பார்த்து அது வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், மனுஷ முகம் கருத்துப்போகும். முகத்தைப் பார்த்துக் கையாலேயே வெளிச்சம் வைக்க வேண்டும். இன்னொரு எதிரி காற்று. ஆனி, ஆடியில் கச்சான் அடித்தால் வசனம் ஒரு சொல் தேறாது. காலர் மைக்கைச் சட்டைக்குள் ஒட்டி, உப்புக் குவியலின் மறைவில் ஆளை நிறுத்தி எடுப்போம். பேச்சைக் குறைப்பது அதைவிட நல்லது.

நடிக்கத் தெரிந்தவர்களைத் தேடி அலையவும் வேண்டாம். தினமும் செய்கிற வேலையைச் செய்யச் சொன்னால் நம் ஊர் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை உப்பு வாருகிற ஆச்சியிடம் அதே காரியத்தை இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். "ஏ யய்யா, இப்பத்தான செஞ்சேன். அப்போ நீ எங்க பாத்துக்கிட்டிருந்த?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு கேமரா வைக்கிறேன். அவர்களிடம் படம் எதற்கு என்று விளக்கி, சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். அவர்கள் முகம் அது, கூலி இழந்த அரை நாளும் அவர்களுடையது. அந்தச் சம்பளத்தைக் கொடுக்காமல் எடுக்கிற படத்தில் எனக்கு உடன்பாடில்லை.

வெள்ளி இரவு கதை பேசும்போது எடிட்டரைத் தூங்க அனுப்பிவிடுங்கள். சனிக்கிழமை மதியம் முதல் மெமரி கார்டு அவர் கைக்குப் போகும்போது அந்த ஒருவருக்காவது தலை தெளிவாக இருக்க வேண்டும். பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமை இல்லாத இசையால் படம் போட்டியிலிருந்தே விலக்கப்படலாம். மடையில் தண்ணீர் பாய்கிற சத்தம், பலகை உரசுகிற சத்தம் எல்லாவற்றையும் தனியாகப் பதிந்து வைத்தால் பாதி இசை அதிலேயே வந்துவிடும்.

கடைசியாக, ரெண்டரும் அப்லோடும். 5 நிமிடப் படத்தை 20 எம்பிபிஎஸ் தரத்தில் எடுத்தால் கோப்பு சுமார் 750 எம்பி வரும். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் அதை ஏற்ற 20 நிமிடம் பிடிக்கும், அதுவும் கரண்ட் இருந்தால். ஆகவே கலர் சரிசெய்யாத ஒரு பிரதியை மாலை 6 மணிக்கே ஏற்றும் நிலையில் வைத்துவிடுவோம். அதற்கு மேல் செய்வதெல்லாம் மெருகுதான். 48 மணி நேரப் போட்டியில் கெடு தாண்டி வந்த படம் பரிசுக்குப் போகாது, ஆனால் அதையும் திரையிடுவார்கள். எனவே மணி தாண்டிவிட்டது என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். முடித்து அனுப்புங்கள், உங்கள் ஆட்களும் வந்து பார்க்கட்டும்.