மறைக்கப்பட்ட சாதி: காதல் கதைகளும் சட்டமும் சொல்லாதவை

தமிழில் மாதந்தோறும் வெளிவரும் காதல் நாவல்களிலும் குடும்ப நாவல்களிலும் ஒரு கதைப்போக்கு அடிக்கடி காணப்படுகிறது. நாயகனுக்கோ நாயகிக்கோ மறைக்கப்பட்ட கடந்த காலம் ஒன்று இருக்கும். அது பிறப்பின் ரகசியமாகவோ முறிந்துபோன முதல் திருமணமாகவோ குடும்பத்தின் பழைய பகையாகவோ இருக்கலாம். இறுதி அத்தியாயத்தில் உண்மை வெளிப்படும். கண்ணீருக்குப் பின் மன்னிப்பு கிடைக்கும். பெண்கள் பெருமளவில் படிக்கும் இக்கதைகளை இழிவாகப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். தமிழ்ச் சமூகத்தில் காதலர்கள் அதிகம் மறைக்க நேர்வது சாதியை அல்லவா? அந்த ஒன்று மட்டும் ஏன் பெரும்பாலான காதல் நாவல்களில் இடம்பெறுவதில்லை? மறைக்கப்படுவது சாதியாக இருக்கும்போது, இறுதி அத்தியாயத்தில் மன்னிப்பு கிடைப்பதில்லை என்பதே இதற்கு விடையாக இருக்கக்கூடும்.

இக்கேள்வியை ஓசூரில் வைத்துப் பார்ப்பது பொருத்தமானது. சிப்காட் வளாகங்களும் வாகனத் தொழிற்சாலைகளும் மின்னணு ஆலைகளும் பல மாவட்ட இளைஞர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்துள்ளன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லை நகரம் இது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சாதி, இங்கே வாடகை வீட்டுக்காரர் கேட்கும்வரை யாருக்கும் தெரியாது. "சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது" என்று அவர் கேட்பது வாடகை தவறாமல் வருமா என்பதை அறிவதற்காக அன்று.

சூளகிரி அருகே உள்ள சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த நந்தீஷும் சுவாதியும் இந்த நகரத்தை நம்பித்தான் வந்தார்கள். நந்தீஷ் தலித், சுவாதி வன்னியர். 2018 ஆகஸ்டில் மணம் முடித்து ஓசூரில் குடியிருந்தனர். நந்தீஷ் அங்கேயே ஒரு கடையில் வேலை பார்த்தார். அவ்வாண்டு நவம்பரில் இருவரும் கடத்தப்பட்டனர். மாநில எல்லைக்கு அப்பால், மாண்டியா மாவட்டத்தின் சிவனசமுத்திரம் பகுதியில், காவிரியில் அவர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. நந்தீஷ் அணிந்திருந்த பனியனில் அம்பேத்கரின் உருவமும் ஊரின் பெயரும் இருந்தன. அதைக் கொண்டே கர்நாடகக் காவல்துறையால் அடையாளம் காண முடிந்தது. பெண்ணின் குடும்பத்தினர் கைது செய்யப்பட்டனர்.

இருவரும் ஒரே ஊரினர். ஒருவர் சாதி மற்றவருக்குத் தெரியும். நந்தீஷ் தம் அடையாளத்தை மார்பில் அணிந்திருந்தவர். அவர்கள் மறைத்தது குடியிருந்த முகவரியை மட்டுமே. இங்கே மறைவு என்பது உயிரைக் காத்துக்கொள்ள மேற்கொண்ட ஏற்பாடு. அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

சாதியை மறைக்க நேர்ந்த காதலைத் தமிழில் நேராக எடுத்துக்கொண்ட நாவல் பெருமாள்முருகனின் 'பூக்குழி'. 2013இல் வெளிவந்த இந்நூல் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. சோடாக் கடையில் வேலைபார்க்கும் குமரேசன், தான் மணந்த சரோஜாவைத் தன் ஊருக்கு அழைத்து வருகிறான். அவள் இன்ன சாதி என்று யாருக்கும் தெரியக் கூடாது. ரகசியத்தைத் தீர்மானிப்பவன் அவன்; அதை ஒவ்வொரு நாளும் சுமப்பவள் அவள். நிறத்தையும் பேச்சையும் வைத்து ஊர் அவளை விசாரணை செய்கிறது. உண்மை வெளிப்பட்டபின் காத்திருப்பது நெருப்பு. நாவல் சாதிப் பெயர்களைச் சொல்வதில்லை. ஆனால் ஊர் எதைத் தேடுகிறது என்பதில் வாசகருக்கு ஐயம் எழாது. வெகுசன நாவல் இனிய திருப்பமாக்கும் 'மறைந்த கடந்த காலம்' இங்கே ஒரு பெண்ணின் உயிர்ப் பிரச்சினையாகிறது.

இமையத்தின் 'பெத்தவன்' (2012) இதற்கு மறுபக்கம். அங்கே ரகசியம் ஏதுமில்லை. தலித் இளைஞனை விரும்பும் மகளைக் கொன்றுவிடுமாறு ஊரே கூடித் தந்தைக்கு ஆணையிடுகிறது. இக்கதை வந்த சில வாரங்களில், 2012 நவம்பர் 7 அன்று, தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 2004இல் இதே தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டதுதான் கிருஷ்ணகிரி மாவட்டம்.

அந்தக் காலத்தில்தான் 'நாடகக் காதல்' என்ற சொல் அரசியல் மேடைகளில் பரப்பப்பட்டது. தலித் இளைஞன் வேடமிட்டு வருகிறான், பெண் ஏமாறுகிறாள் என்பது அதன் உள்ளடக்கம். காதல் நாவலின் 'மறைக்கப்பட்ட கடந்த காலம்' இங்கே குற்றச்சாட்டாக மாறுகிறது. அத்துடன் அது பெண்ணின் அறிவையும் விருப்பத்தையும் மறுக்கிறது. அவள் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கே அதில் இடமில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, ஏமாற்று வழிகளில் ஒரு பெண்ணுடன் உடலுறவு கொள்வதைப் பத்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. 'அடையாளத்தை மறைத்து மணத்தலும்' ஏமாற்று வழியே என்கிறது அதன் விளக்கம். 'அடையாளம்' என்றால் என்ன என்பது வரையறுக்கப்படவில்லை. முன்பே திருமணமானதை மறைப்பது உண்மையான வஞ்சகம். அதையும், சாதியைச் சொல்லாமல் இருந்ததையும் ஒரே தட்டில் வைத்தால் 'நாடகக் காதல்' என்ற மேடைப் பேச்சுக்குச் சட்டத்தின் முத்திரை கிடைத்துவிடும். பெண்ணைப் பெற்றோர் வீட்டுக்கு இழுத்துச் சென்று, அவள் வாக்குமூலத்தை மாற்றச் செய்வது நம் பகுதிக்குப் புதிதன்று. எனவே இந்தச் சொல்லைக் குறுகிய பொருளிலேயே கொள்ள வேண்டும் என நீதிமன்றங்களில் நாம் வலியுறுத்தியாக வேண்டும்.

மறுபுறம், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் "அவன் சாதி எங்களுக்குத் தெரியாது" என்பது எதிரிகளின் வழக்கமான வாதம். அதற்கு 2015 திருத்தம் விடை தருகிறது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரி நேரில் அறிந்திருந்தால், சாதியும் அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 8(இ) பிரிவு. தெரியாது என நிரூபிப்பது எதிரியின் பொறுப்பு. புகார் எழுதும்போதே அறிமுகத்தின் விவரங்களைக் குறிப்பிட வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

திருமணப் பதிவிலும் இதே சிக்கல் உண்டு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் அறிவிப்பு பொதுப்பார்வைக்கு வைக்கப்படுகிறது. ஓடி ஒளிந்த இணையருக்கு அது முகவரியைக் காட்டிக்கொடுக்கும் சீட்டு. இந்துக்களாக உள்ள இணையருக்குத் தமிழ்நாட்டில் வேறு வழி உள்ளது. இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாம். இதற்கு ஊரறிய அறிவிப்பது கட்டாயமில்லை என்றும், வழக்கறிஞர்கள் நண்பர் என்ற நிலையில் முன்னிற்பதற்குத் தடையில்லை என்றும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்ப்பை அஞ்சும் இணையரைப் பொது அறிவிப்புக்குக் கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிரையே ஆபத்தில் தள்ளக்கூடும் என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

காதலர் இருவருக்கிடையே உண்மை வேண்டாமா என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. வேண்டும். ஒருவரை ஒருவர் முழுதாய் அறிந்து தேர்வது இருவரின் உரிமை. ஆனால் வாடகை வீட்டுக்காரருக்கும் ஊருக்கும் உறவுக்கும் சாதியைச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணிநேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் ஆகியவற்றை அமைக்கப் பணித்தது. எட்டு மாதங்கள் கழித்து நந்தீஷும் சுவாதியும் கொல்லப்பட்டனர். 2023 ஏப்ரலில் ஊத்தங்கரை அருகே அருணபதியில், தலித் பெண்ணை மணந்த மகனையும், தம் தாயையும் வெட்டிக் கொன்றதாக ஒரு தந்தை கைதானார். தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் சட்டத்தில் மூன்று கூறுகள் இருந்தாக வேண்டும்: இணையரின் முகவரியைக் காவல்துறை குடும்பத்தாரிடம் தெரிவிக்கத் தடை, மாநில எல்லை தாண்டிய வழக்குகளில் எந்த நிலையத்திலும் உடனடிப் பதிவு, சாதியைச் சொல்லாதிருந்ததை வஞ்சகமாகக் கருதக் கூடாது என்ற தெளிவான விதி.

சாதியை மறைக்கத் தேவையில்லாத நாள் வரும்வரை, மறைத்து வாழ்வோரைக் காப்பது அரசின் கடமை. அவர்களைப் பொய்யர் என்று அழைக்கும் உரிமை, அவர்களைத் தேடிக் கொல்லும் சமூகத்துக்கு இல்லை.