குட்டை மீன்கள் விடியற்காலையில் மடிவது ஏன்?

நேற்று மாலை வரை தவிட்டுக்குத் துள்ளி வந்த மீன்கள், இன்று காலையில் வயிறு மேலாக மிதக்கின்றன. உடலில் காயமில்லை, புண்ணுமில்லை. பத்து மாதம் தீனியிட்டு வளர்த்து, அடுத்த மாதம் பிடித்து விற்கலாம் என்றிருந்த மீன்கள் அவை. இந்நிலையில் உழவர் மனத்தில் முதலில் எழுவது, "இரவில் யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள்" என்ற ஐயமே. அண்டை வயல்காரருடன் வரப்புத் தகராறு ஏதேனும் இருந்துவிட்டால், அந்த ஐயம் காவல் நிலையம் வரை சென்றுவிடுவதும் உண்டு. ஆனால் இவ்வாறு ஒரே இரவில் மடியும் மீன்களில் பெரும்பாலானவை நஞ்சினால் மடிவதில்லை. நீரில் பிராணவாயு குறைந்து, மூச்சுத் திணறியே மடிகின்றன.

நீரில் பிராணவாயு

மீன்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள்கள் மூலம் பெறுகின்றன. லிட்டருக்கு 5 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் நன்கு வளரும். 3 மில்லி கிராமுக்குக் கீழே சென்றால் தீனி எடுக்காது. ஒரு மில்லி கிராம் அளவுக்குக் குறைந்தால் கெண்டை மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வெப்பம் கூடக் கூட நீர் தாங்கும் பிராணவாயுவின் அளவு குறைகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லி கிராம் வரை தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லி கிராம்தான். ஆகவே நம் கோடைக் குட்டைகளில் இருப்பே குறைவு.

பகலில் நீரிலுள்ள நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும்போது பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவில் இந்த வரவு நின்றுவிடுகிறது. பாசிகளும், மீன்களும், அடிச்சேற்றில் மக்கும் சாணமும் தீனி மிச்சமும் சேர்ந்து இருப்பைச் செலவிடுகின்றன. எனவே பிராணவாயு மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியற்காலை. மாலையில் நன்றாக இருந்த மீன்கள் காலையில் மடிந்து கிடப்பதன் காரணம் இதுவே.

ஆபத்து மிகுந்த நாட்கள்

நீர் கரும்பச்சையாக மாறியிருக்கும் குட்டையில், இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வானம் மூடியிருந்தால் பகல் வரவு குறைந்து இரவுச் செலவு மிகுந்துவிடும். கோடையில் திடீரென்று கனமழை பெய்து, மேல்நீர் குளிர்ந்து கீழிறங்கினால், பிராணவாயு அற்ற அடிநீர் மேலே கலந்துவிடும். பச்சை நீர் ஒரே நாளில் பழுப்பாக மாறுவதும் கெட்ட அறிகுறியே. பாசி முழுதும் செத்து அழுகத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

காரணத்தைக் கண்டறிதல்

1. பிராணவாயுக் குறைவு: விடியற்காலையில் பெரிய மீன்கள் முதலில் மடியும், சிறியவை பெரும்பாலும் தப்பும். வெள்ளிக் கெண்டை, கட்லா ஆகியவை எளிதில் பாதிக்கப்படும். வெளிக்காற்றைச் சுவாசிக்கக்கூடிய விரால் போன்ற மீன்கள் பிழைத்திருக்கும். எஞ்சியவை நீர்மட்டத்தில் வாய் திறந்து நிற்கும். வெயில் ஏறியதும் தெளியும்.

2. பூச்சிக்கொல்லி: எந்த நேரத்திலும் நிகழும். சிறிய மீன், பெரிய மீன் என்ற வேறுபாடு இராது. மீன்கள் நிலைதடுமாறிச் சுழலும். இறால், நீர்ப்பூச்சிகள், தலைப்பிரட்டைகள் ஆகியவையும் மடியும். சைப்பர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகமிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். இதற்குப் பகைவர் தேவையில்லை. தெளிப்பானைக் குட்டையில் கழுவுவதோ, மருந்தடித்த வயலின் மழைநீர் உள்ளே வழிவதோ போதும்.

3. நோய்: நாளொன்றுக்குச் சில மீன்களாக, பல நாட்கள் தொடர்ந்து மடியும். உடலில் புண், செதில் உதிர்வு, மீன்பேன் ஆகியவற்றுள் ஏதேனும் காணப்படும்.

நஞ்சு என்ற ஐயம் இருந்தால், மடிந்த மீனை உண்ணவோ விற்கவோ கூடாது. அன்றே சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பி மூடி, அப்போது சாகும் நிலையிலுள்ள மீன் ஒன்றுடன் பனிக்கட்டியில் வைத்து, மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகவும். அழுகிய மீனிலிருந்து எதையும் அறிய இயலாது.

உடனடி உதவி

மீன்கள் வாய் திறந்து நிற்பதைக் கண்டவுடன் தீனியையும் எருவையும் நிறுத்துக. மோட்டாரையோ ஆயில் எஞ்சினையோ இயக்கிக் குட்டை நீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழுமாறு மீண்டும் குட்டையில் விடுக. நீர் எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு பிராணவாயு கரையும். கிணற்று நீரையும் இவ்வாறே விடலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு மிகக் குறைவு; ஆதலால் அதனைச் சிதறச் செய்யாமல் நேரே விடுவதில் பயனில்லை. வலை இழுத்தோ இறங்கி நடந்தோ அடிச்சேற்றைக் கலக்கக் கூடாது. மடிந்த மீன்களை அகற்றித் தொலைவில் புதைக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

மீன் மடிவதற்கு நம்முடைய தாராள மனமே பல வேளைகளில் காரணமாகிறது. வயலுக்கு எரு கூடினால் பெரும் கேடில்லை. குட்டைக்குக் கூடினால் மீன் பிழைக்காது. 10 சென்ட் பரப்புள்ள குட்டைக்குச் சில முறைகள்:

• விரலளவுக் குஞ்சுகள் 200 முதல் 400 வரை போதும்.

• சுண்ணாம்பு 8 முதல் 10 கிலோ இட்டு, ஒரு வாரம் கழித்து 80 கிலோ பச்சைச் சாணம் இடுக. பின்னர் மாதம் 40 கிலோ வீதம், சிறு தவணைகளாகக் கரைத்து விடுக.

• தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த தீனியை, மீன்களின் மொத்த எடையில் 100 கிலோவுக்கு 2 முதல் 3 கிலோ என்ற அளவில் நாள்தோறும் இடுக. மூடிய வானமுள்ள நாட்களில் குறைக்கவும்.

• வாரம் ஒருமுறை கையை முழங்கை வரை நீரில் விட்டு உள்ளங்கையைப் பார்க்கவும். முழங்கை நனையுமுன்பே பச்சை நிறத்தில் உள்ளங்கை மறைந்துவிட்டால் எருவை நிறுத்தி, கொஞ்சம் நீரை வடித்துப் புதுநீர் விடுக.

• மருந்தடிக்கும் வயலின் வடிகால் குட்டைக்குள் வராதபடி கரையை உயர்த்துக.

வீட்டுத் தொட்டியில் கோய் எனப்படும் வண்ணக் கெண்டை வளர்ப்போருக்கும் இவை பொருந்தும். ஜப்பானில் நீகாட்டா மலைக் கிராமத்து நெல் உழவர்கள், உணவுக்கு வளர்த்த கெண்டையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் பொறுக்கியெடுத்த மீனே அது. தொட்டியில் இரண்டு ஆபத்துகள் கூடுதல். புதிய சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மீனைக் கொல்லும். எனவே இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி வடித்த பின்னரே மீன் விடுக. பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய் நீரை ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்த பிறகே பயன்படுத்துக.

எந்தக் கருவியும் இல்லாத உழவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாடு கறக்க எழும் வேளையில் குட்டைக் கரைக்கு ஒருமுறை சென்று பார்க்கவும். மீன் வாய் திறந்து நிற்பதை ஐந்து மணிக்குக் கண்டவர் மோட்டாரைப் போட்டு மீனைக் காப்பாற்றுவார். ஏழு மணிக்குக் கண்டவர் பக்கத்து வயல்காரரோடு சண்டைக்குப் போவார்.